கேஸ் இன்டர்வியூவுக்கு எத்தனை வாரம்? ஒரு ஐஐஎம் மாணவனின் ஜூன் முதல் நவம்பர் வரை

கேஸ் இன்டர்வியூவுக்குத் தயாராக எத்தனை வாரம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில் எட்டு வாரம். வேலைக்கோ வகுப்புக்கோ போய்க்கொண்டே தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிற, கணக்கைக் கண்டு ஓடாத ஒருவருக்கு அது போதும். அதில் எதிரே ஆளை உட்கார வைத்துச் செய்யும் கேஸ் இருபத்தைந்து, முப்பது இருந்தால் சரி. நூறு கேஸ் முடித்தேன் என்று லிங்க்ட்இனில் போடுகிறவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். நூறு செய்து உள்ளே போனவர்களும் உண்டு, பதினைந்தில் போனவர்களும் உண்டு, நூறு செய்ததாலேயே கெட்டுப்போனவர்களும் உண்டு. இந்த மூன்றாவது வகையை நான் கொஞ்சம் அதிகமாகவே பார்த்திருக்கிறேன். அப்படிக் கெட்டுப்போகத் தொடங்கி, பாதியில் சுதாரித்துக்கொண்ட ஒருவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

விஷயத்துக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: மெக்கின்சி, பிசிஜி, பெயின் மாதிரியான ஆலோசனை நிறுவனங்கள் ஆளெடுக்கும்போது ஒரு தொழில் சிக்கலைக் கொடுத்து அரை மணி நேரம் உங்களைப் பேசவைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சிக்கல்தான் கேஸ். ஒரு கம்பெனிக்கு லாபம் குறைகிறது, ஏன்? புது மாநிலத்தில் கடை திறக்கலாமா? விலையை ஏற்றலாமா? நடுவில் கணக்கும் வரும், பேப்பரில்தான் போட வேண்டும், கால்குலேட்டர் கிடையாது. மெக்கின்சியில் பெரும்பாலும் கேட்பவரே அடுத்தடுத்த கேள்வியைப் போட்டு நடத்திப் போவார். பிசிஜி, பெயினில் அநேகமாக நீங்கள்தான் நகர்த்த வேண்டும். நீங்கள் கேட்டால்தான் தகவல் வரும், கேட்காவிட்டால் எதிரே இருப்பவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

நம் ஆள் கரூர்க்காரன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அப்புறம் மெக்கானிக்கல், அதன்பின் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை, அங்கிருந்து எம்பிஏவுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி ஒரு ஐஐஎம். எனக்குக் கல்லூரி ஜூனியர், அந்த உரிமையில் அக்கா என்று கூப்பிடுவான். நான் சில வருடம் ஆலோசனை வேலையில் இருந்துவிட்டு வெளியே வந்தவள். ஜூனியர்களுக்கு மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை நேர்காணல், எடுப்பதை மட்டும் விடவில்லை.

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஜூனில் வகுப்பு தொடங்கும். சம்மர் பிளேஸ்மென்ட், அதாவது கோடை விடுமுறைப் பயிற்சி வேலைக்கு ஆளெடுப்பது, அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் வந்து நிற்கும். கணக்குப்படி நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அமெரிக்காவில் ஆகஸ்டில் எம்பிஏ சேர்ந்து ஜனவரியில் இன்டர்வியூவுக்கு உட்காருகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் அந்த நான்கு மாதத்தில் முதல் டேர்ம் முழுக்க முன்னறிவிப்பில்லாத குவிஸ், இரவு இரண்டு மணி வரை குரூப் அசைன்மென்ட், அதற்கு நடுவே சிவி தயாரிப்பு என்ற தனிக் கொடுமை. சிவியில் போடும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும் என்பதால் பள்ளியில் வாங்கிய வினாடி வினா சான்றிதழைத் தேடி இவன் அம்மா பீரோவையே கவிழ்த்துப் போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இதெல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தைத்தான் தயாரிப்புக் காலம் என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் எல்லோருக்கும் எட்டுப் பத்து வாரம்தான் தேறும்.

ஜூலையில் முதல் அழைப்பு. அறிமுகப் பேச்செல்லாம் இல்லாமல் ஒரு கெஸ்டிமேட், அதாவது தோராயமாகக் கணக்கிட்டுச் சொல்லும் கேள்வி, கொடுத்தேன்: சென்னையில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் எத்தனை விற்கும்? எதிர்முனையில் முக்கால் நிமிடம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை, அவன் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் மக்கள்தொகை 80 லட்சம் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்கு நான்கு பேர், 20 லட்சம் வீடு, அதில் பாதி கேன் வாங்கும், ஒரு கேன் இரண்டு நாளுக்கு வரும், ஆகவே வீடுகளுக்கு 5 லட்சம் கேன், கடை, ஆபீஸ், மெஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம் என்று 6 லட்சத்தில் கொண்டு நிறுத்தினான். வழி நன்றாகவே இருந்தது. ஆனால் 'சென்னை' என்றால் எதுவரை என்று அவன் கேட்கவில்லை. 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்குப் போனது. பழைய எல்லையில் அந்த வருடக் கணக்கெடுப்பின்படி 46 லட்சம் பேர்தான், விரிந்த எல்லைக்கு எண்ணிக்கையே வேறு. இதை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, கேட்டிருக்க வேண்டும். அதைவிட மோசம் கடைசி அடி. கேன் 35 ரூபாய் என்றால் ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு என்றதற்கு 21 கோடி என்றான். 2.1 கோடி. தொழிற்சாலையில் மைக்ரானில் அளந்தவனுக்கு ஒரு சைபர் நழுவியது, ஏனென்றால் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முதல் அழைப்புக்குத்தான் நான் மிகுந்த மதிப்பு வைக்கிறேன். ஓட்டை எங்கே என்று தெரியாமல் எத்தனை வாரம் வேண்டும் என்று சொல்லவே முடியாது. இவனுக்குச் சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் புத்தி ஏற்கெனவே இருந்தது, பழுதான பாகத்தை வைத்துக்கொண்டு காரணம் தேடித் தேடிப் பழகியவன். இல்லாதது இரண்டு: ஆள் பார்க்கும்போது கணக்கு, யோசிக்கும்போதே வாய்விட்டுப் பேசுவது. ஒரு சிஏவுக்கு நேர்மாறாக இருக்கும், கணக்கு பறக்கும், ஆனால் செலவுப் பட்டியலை வரிவரியாக இறங்கி இருபது நிமிடம் அதிலேயே கிடப்பார். அவருக்கு வேறு எட்டு வாரம்.

ஆகவே முதல் இரண்டு வாரம் கேஸே வேண்டாம் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, விடுதியில் பக்கத்து அறைக்காரன் அதற்குள் பத்து முடித்துவிட்டானாம். பரவாயில்லை என்றேன். காலையில் இருபது நிமிடம் கணக்கு, வாயால் சொல்லிக்கொண்டே. 64 லட்சத்தில் பதினேழரை சதவீதம்: பத்துக்கு 6.4, ஐந்துக்கு 3.2, இரண்டரைக்கு 1.6, மொத்தம் 11.2 லட்சம். வருடம் 12 சதவீதம் வளர்ந்தால் எப்போது இரட்டிப்பாகும்: 72-ஐ வளர்ச்சி சதவீதத்தால் வகுப்பது குறுக்குவழி, 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆறு வருடம். லட்சத்தையும் மில்லியனையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும், ஏனென்றால் நம் ஊர் பார்ட்னர் (இன்டர்வியூ எடுக்கும் மூத்த ஆலோசகர்) கோடியில் கேட்பார், வெளிநாட்டு ஆபீஸ்காரர் பில்லியனில் கேட்பார், 100 கோடி ஒரு பில்லியன் என்பது தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். மாலையில் வணிகச் செய்தி ஒன்றை எடுத்து, அந்தக் கம்பெனி எதில் காசு பார்க்கிறது என்று இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்துவிட்டுத் திரும்பக் கேட்பது. இந்த இரண்டாவதுதான் அவனுக்கு வேதனையாக இருந்தது. தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு வாக்கியத்தை மூன்று தடவை தொடங்குகிறோம் என்பது அப்படித்தான் தெரியவரும்.

ஆகஸ்ட் முழுக்க வாரத்துக்கு இரண்டு, மூன்று கேஸ். அவ்வளவுதான். ஒரு கேஸ் அரை மணி நேரம் என்றால் அதைப் பிரித்துப் பேசுவது இன்னோர் அரை மணி, அப்புறம் தனியாக உட்கார்ந்து முதல் இரண்டு நிமிடத்தைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது பத்து நிமிடம். ஒரு நோட்டில் தவறுகளை மட்டும் எழுதச் சொன்னேன், அதுவும் 'ஸ்ட்ரக்சர் சரியில்லை' என்ற மாதிரி இல்லாமல், 'விற்பனை எண்ணிக்கை கேட்டேன், விலை கேட்க மறந்தேன்' என்ற மாதிரி. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஒரே தவறு வேறு வேறு வேடத்தில் வந்திருப்பது தெரிந்தது. இந்தக் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகப் போனது.

செப்டம்பர் கடைசியில் ஷார்ட்லிஸ்ட் வரத் தொடங்கியது, இவன் பெயர் மூன்று இடத்தில் வந்தது, அங்கேதான் வினை. ஷார்ட்லிஸ்ட் வந்ததும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு 'பட்டி' ஒதுக்கும், அதாவது அங்கே வேலை பார்க்கும் ஒரு சீனியர், அவர் சில கேஸ் எடுப்பார். அதுபோக ஷார்ட்லிஸ்ட் வந்த மாணவர்கள் தங்களுக்குள் குழு சேர்ந்து ஒருவருக்கொருவர் எடுப்பார்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி பதினொன்றுக்கு ஒன்று. எண்ணிக்கையைச் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார்கள், சிறைக்கைதி மாதிரி என்று அவனே சொன்னான். பிரித்துப் பேச நேரமில்லை, 'நல்லா இருந்துச்சு மச்சி, கொஞ்சம் வேகமா போ' என்பதோடு சரி. ஒரே விடுதியில் ஒரே கேஸ்புக் (பழைய கேஸ்களும் விடைகளும் உள்ள தொகுப்பு) படித்தவர்கள் ஒருவருக்கொருவர் எடுத்தால் வேறென்ன சொல்ல முடியும்?

பத்து நாள் கழித்து எனக்குப் போன் செய்தபோது வேறு ஆளாக இருந்தான். ஆங்கிலம் சரளமாகிவிட்டது. நான் கேள்வியை முடிப்பதற்குள் பேப்பரில் மரம், அதாவது சிக்கலைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் படம், வரையத் தொடங்கும் சத்தம் கேட்டது. நான் கொடுத்தது இது: மதுரையில் நடுத்தர அளவு தனியார் மருத்துவமனை. நோயாளிகள் கூடியிருக்கிறார்கள், வருமானமும் கொஞ்சம் கூடியிருக்கிறது, லாபம் குறைந்திருக்கிறது. ஏன், என்ன செய்யலாம்?

அவன் கேட்கக் கேட்க நான் கொடுத்த எண்கள் (எளிதாக இருக்க நானே போட்டவை): போன வருடம் மாதம் 100 உள்நோயாளிகள், அதில் 80 பேர் கையிலிருந்து பணம் கட்டியவர்கள், ஆளுக்கு சராசரி 50,000 ரூபாய், 20 பேர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர்கள், அதில் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயம் செய்திருப்பதால் சராசரி 30,000. இந்த வருடம் 120 பேர், கையிலிருந்து கட்டியவர்கள் அறுபது, காப்பீட்டில் வந்தவர்கள் அறுபது. ஒரு நோயாளிக்கு மருந்து, சாப்பாடு, பொருள் என்று ஆகும் நேரடிச் செலவு 20,000. சம்பளம், வாடகை, கருவித் தவணை என்று மாதம் நிலையாக 15 லட்சம்.

கணக்கை மின்னல் வேகத்தில் போட்டான். போன வருடம் வருமானம் 46 லட்சம், செலவு 35, லாபம் 11. இந்த வருடம் வருமானம் 48, செலவு 39, லாபம் 9. எல்லாம் சரி. உடனே, 'நோயாளிகளின் கலவை மாறிவிட்டது, லாபம் குறைந்த காப்பீட்டு நோயாளிகள் கூடிவிட்டார்கள், ஆகவே அவர்களைக் குறைத்து, பணம் கட்டுகிறவர்கள் பக்கம் கவனம் திருப்ப வேண்டும்' என்று முடித்தான். பதினோரு நிமிடம். அவனுக்கே பெருமை.

சரி, அறுபது பேரையும் நாளைக்கே நிறுத்திவிடலாம், லாபம் எவ்வளவு ஆகும் என்றேன். போட்டான். ஒவ்வொரு காப்பீட்டு நோயாளியும் நேரடிச் செலவு போக 10,000 ரூபாய் விட்டுவிட்டுப் போகிறார். அறுபது பேரை அனுப்பினால் 6 லட்சம் போகும், லாபம் 9-லிருந்து 3. எதிர்முனையில் மறுபடியும் ஜூலை மாத மௌனம்.

அவன் தவறவிட்டது இதுதான். பணம் கட்டுகிற ஒருவர் 30,000 ரூபாய் விட்டுவிட்டுப் போவார். அந்த இருபது பேர் குறைந்ததில் 6 லட்சம் போயிற்று. புதிதாகக் கூடிய நாற்பது காப்பீட்டு நோயாளிகளால் 4 லட்சம் வந்தது. வித்தியாசம் 2 லட்சம். அதாவது காப்பீட்டுக்காரர்கள் நஷ்டத்தை உண்டாக்கவில்லை, நஷ்டத்தை ஓரளவு தாங்கிப் பிடித்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி, அந்த இருபது பேர் எங்கே போனார்கள் என்பது. படுக்கை நிரம்பி அவர்களுக்கு இடமில்லாமல் போயிருந்தால் ஒரு கதை. பக்கத்தில் புது மருத்துவமனை வந்திருந்தால், நல்ல டாக்டர் ஒருவர் அங்கே மாறியிருந்தால், அது முற்றிலும் வேறு கதை. கேஸ்புக்கில் 'வருமானம் ஏறி லாபம் இறங்கினால் கலவையைப் பார்' என்று பலமுறை பார்த்திருந்தான். பார்த்ததால் கலவையைக் கண்டதும் மனது நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பில் கைடு மனப்பாடம் செய்தவன் கேள்வியில் ஒரு சொல்லைப் பார்த்ததும் முழுப் பத்தியையும் எழுதித் தள்ளுவது மாதிரி. ஆகஸ்டில் இதே கேஸைக் கொடுத்திருந்தால் மெதுவாக, திக்கித் திணறி, ஆனால் சரியான கேள்வியைக் கேட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று நாள் புது கேஸ் எதையும் தொடாதே என்றேன். அதற்குப் பதிலாக, இந்தத் தொழில் தெரிந்த யாரிடமாவது இதே கேஸைத் தமிழில் சொல்லிப் பார் என்றேன். அவனுடைய சித்தி திருச்சியில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் பார்க்கிறார். அவரிடம் சொல்லியிருக்கிறான். சித்தி கேட்ட முதல் கேள்வி: "பெட் எல்லாம் ஃபுல்லா இருந்துச்சா தம்பி?" இரண்டாவது: "இன்சூரன்ஸ் காசு கைக்கு வர்றதுக்கு எத்தனை மாசம் ஆச்சு?" இந்த இரண்டாவதை நானே யோசிக்கவில்லை. காகிதத்தில் லாபம் 9 லட்சம் இருக்கலாம், வரவேண்டிய பணம் இழுத்துக்கொண்டே போனால் மருந்துக் கம்பெனிக்குக் கொடுக்கக் கையில் இருக்காது. எம்பிஏ படிக்காத ஒருவர் அரை நிமிடத்தில் கேட்டதை அந்தக் குழுவில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதன்பின் அவன் முறை மாறியது. நாளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. விடுதிக் குழுவோடு பாதி, வெளியாட்களோடு பாதி: ஒரகடத்துப் பழைய மேனேஜர், ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் மாமா, பட்டிகள். கேள்வி முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'இந்தத் தொழிலில் காசு எப்படி வருகிறது' என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் மரம் வரைய வேண்டும் என்று ஒரு விதி போட்டுக்கொண்டான். கேஸ்புக்கை எரிக்கச் சொல்லவில்லை. ஒரு தொழிலுக்கு என்னென்ன செலவு வரும் என்று தெரிந்துகொள்ள அது நல்ல சாதனம்தான், விடை தேட மட்டும் அதைத் திறக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் கோச்சுகள் இருக்கிறார்கள். கடைசி வாரத்தில் ஒன்றிரண்டு முறை, முன்பின் தெரியாத முகத்துக்கு எதிரே உட்காரும் பயம் போவதற்காகப் போகலாம். அதற்கு மேல் காசு வீண்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் நேரம் போதவில்லை. சொந்த அனுபவக் கேள்விகள். ஒருவரை எப்படி உன் பக்கம் இழுத்தாய், எப்போது ஒரு குழுவை நடத்தினாய் என்று மெக்கின்சியில் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு, மேலோட்டமாகச் சொன்னால் விடமாட்டார்கள், அவர் என்ன சொன்னார், நீ என்ன பதில் சொன்னாய் என்று தோண்டுவார்கள். மற்ற இடங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் வரும். இவன் அதைக் கடைசி நான்கு நாளுக்குத் தள்ளிவைத்தான். கேஸ் எண்ணிக்கையில் மூழ்கியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நவம்பரில் மூன்றில் ஒரு நிறுவனம் முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டது, காரணம் சொல்லவில்லை. இன்னொன்றில் கேஸ் இரண்டும் நன்றாகப் போய், அனுபவக் கேள்வியில் தடுமாறினான். தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசரோடு நடந்த சண்டையைச் சொல்லப் போய், அது எப்படி முடிந்தது என்பதை இரண்டு விதமாகச் சொல்லிவிட்டான். மூன்றாவதில் கிடைத்தது. ஒருவனை வைத்து விதி வகுக்க முடியாது, அன்றைக்கு எதிரே யார் உட்காருகிறார் என்பதும் இருக்கிறது. ஆனால் அவன் நோட்டையும் என் குறிப்புகளையும் வைத்துப் பார்த்தால், உருப்படியாகப் போன நேரம் ஜூலையின் இரண்டு வாரம், ஆகஸ்ட் முதல் செப்டம்பர் பாதி வரை, அப்புறம் சித்திக்குப் பிந்தைய பதினைந்து நாள். கூட்டினால் எட்டு, பத்து வாரம்தான் வருகிறது. நடுவில் நாளுக்கு மூன்று என்று ஓட்டியது கணக்கில் வராது, அதைச் சரிசெய்யவும் நாள் பிடித்தது.

ஷார்ட்லிஸ்ட் வருமா என்று தெரியாமல் நான்கு மாதம் கொட்டுவது சரியா என்று கேட்டால், சரியில்லை. ஷார்ட்லிஸ்ட் உங்கள் மதிப்பெண், வேலை அனுபவம், சிவி ஆகியவற்றைப் பார்த்து வருகிறது, கேஸ் திறமையைப் பார்த்து அல்ல. அதற்காக வந்தபின் தொடங்கலாம் என்று இருந்தால் நான்கைந்து வாரத்துக்கு மேல் மிஞ்சாது. கணக்கும் வாய்விட்டுப் பேசுவதும் எந்த இன்டர்வியூவுக்கும் உதவும், அதை முன்பே செய்துவிடலாம், தீவிரமான கேஸ் பயிற்சியை மட்டும் ஷார்ட்லிஸ்டுக்கு நான்கைந்து வாரம் முன்னால் தொடங்கினால் போதும்.

கேம்பஸ் இல்லாமல், வேலையில் இருந்துகொண்டே ரெஃபரல் வழியாக (உள்ளே வேலை பார்க்கும் ஒருவரின் பரிந்துரையில்) போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது, வந்தால் இரண்டு மூன்று வாரம்தான் கொடுப்பார்கள், சில இடங்களில் அதற்கு முன் கணினியில் ஒரு தேர்வு: மெக்கின்சிக்கு 'சால்வ்' என்ற விளையாட்டு வடிவத் தேர்வு, பிசிஜியில் சாட்பாட் கேஸ் என்று. ஆகவே ரெஃபரல் கேட்கும் அன்றைக்கே கணக்கைத் தொடங்கிவிடுங்கள். தயாராக இல்லை என்றால் எச்ஆரிடம் தேதி தள்ளக் கேளுங்கள், ஒன்றிரண்டு வாரம் பெரும்பாலும் கொடுப்பார்கள், அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைப்பதில்லை. அரைகுறையாகப் போய்த் தோற்றால் அதே நிறுவனத்தில் மறுபடி விண்ணப்பிக்க அநேகமாக ஒன்று முதல் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இரண்டு வாரம் தள்ளிக் கேட்பது ஒன்றுமே இல்லை. மெயிலில் ஆபீஸ் வேலையைக் காரணம் காட்டி, இரண்டு மாற்றுத் தேதிகளை நீங்களே குறிப்பிட்டு அனுப்பினால் போதும்.